மரை கடித்துக்கொண்டால்

மெக்கானிக்கல் மாட் என்ற வேப்பிங் கருவிக்குள் சிப் கிடையாது, வயர் கிடையாது, திரை கிடையாது. செம்பிலோ பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ லேத்தில் கடைந்தெடுத்த ஒரு குழாய். அதற்குள் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் பேட்டரி ஒன்று. அடியில் விரலால் அழுத்தும் பொத்தான். தலைப்பகுதியில் ஒரு கம்பிச்சுருள், அதனூடே நுழைத்த பஞ்சு. பொத்தானை அழுத்தினால் சுருள் சூடேறும். பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். அவ்வளவுதான் கருவி.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டுகளின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றையும் தடைசெய்துவிட்டது. அந்த ஆவியை யாரும் உள்ளே இழுக்க வேண்டாம் என்பதே என் எண்ணமும். ஆனாலும் இந்த அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி கிடைக்காது. பொத்தான், குழாய், தலை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பவை மரைகள் மட்டுமே. சுருளுக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதும் அதே மரைகளின் வழியாகத்தான். பிடிக்கும் வேலை, கடத்தும் வேலை இரண்டும் ஒரே பல்வரிசையின் தலையில் விழுகின்றன. அதனால்தான் இந்தக் கருவியில் அடிக்கடி வரும் கோளாறு மின்சாரக் கோளாறாக இருப்பதில்லை. மரை இறுகிவிடும், கழலாது.

கழலாத மரையைக் கண்டதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இன்னும் கொஞ்சம் பலம் போட்டால் வந்துவிடும் என்பது. சில சமயம் வந்தும்விடும். பல சமயம் அந்தக் கூடுதல் பலம்தான் மரையை நிரந்தரமாகக் கெடுக்கிறது. பலத்தைக் காட்டும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவே இப்போது என்ன இருக்கிறது? காய்ந்த பிசினா, துருவா, உலோகத் துகளா, அல்லது நடுவில் எதுவுமே இல்லாமல் உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொண்டனவா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம். ஏற்காட்டுக்குப் போகும் சாலை மலையைச் செங்குத்தாக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவதுபோல, மரையும் சிறிய ஏற்றத்தை நீண்ட தூரத்தில் பரப்பிவிடுகிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் முன்னே போகிறது. கணக்குப் போட்டால் அந்தச் சரிவு சுமார் 3 டிகிரி. எஃகின் மீது எஃகு உராய்வின் பலத்திலேயே சறுக்காமல் நிற்கக்கூடிய சரிவு பொதுவாக 8, 9 டிகிரி வரை இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியால்தான் ஒரு முறை முடுக்கிய போல்ட் தானாகக் கழன்று ஓடுவதில்லை. போல்டை முடுக்க நாம் செலவிடும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உள்ள உராய்விலேயே போய்விடுகிறது. நாற்பது சதவீதம் மரைப்பற்களின் உராய்வுக்குப் போகிறது. மீதமுள்ள பத்து சதவீதம்தான் போல்டை இழுத்துப் பிடிக்கிறது. உராய்வு சற்றே கூடினாலும் கழற்றுவது அவ்வளவு கடினமாவதற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான்.

இப்போது குழாய்க்கு வருவோம். 20 மில்லிமீட்டர் விட்டம், பல்லுக்குப் பல் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், விளிம்பு ஒரு சுற்றில் 63 மில்லிமீட்டர் பயணிக்கும். மரை அரை மில்லிமீட்டர்தான் நகரும். சரிவு அரை டிகிரிகூட இல்லை. விட்டம் பெரிது, பற்கள் நுணுக்கம், உரசும் பரப்பு அதிகம். விரல்களால் லேசாக முடுக்கினாலே பற்களுக்கு நடுவே பெரிய அழுத்தம் உண்டாகிவிடும். டார்ச் லைட்டின் பின்மூடி, கேமரா லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் வளையம் ஆகியவற்றிலும் இதே வடிவம். அங்கேயும் இதே தொல்லை.

அந்த அழுத்தத்தில் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் எப்படித் தொட்டுக்கொள்கின்றன என்பதை நன்றாகப் புரியவைத்தவர்கள் உராய்வை ஆராய்ந்த ஃபிராங்க் பிலிப் பவுடனும் டேவிட் டேபரும். கண்ணுக்கு மழமழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பும் உண்மையில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளை ஒன்றின் மீது ஒன்று வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. எவ்வளவு பரப்பு உண்மையில் தொடுகிறது என்று அளக்க, 1939இல் அவர்கள் ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரத்தைப் பாய்ச்சி, அதற்கு எவ்வளவு தடை உண்டாகிறது என்று பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட உண்மையான தொடுபரப்பு சுருங்கலாம் என்று தெரியவந்தது. முழுச் சுமையும் அந்த உச்சிகளில் இறங்குவதால் அங்கே உலோகம் நசுங்குகிறது. நசுங்கும் இடத்தில் சுத்த உலோகம் சுத்த உலோகத்தைத் தொட்டால், அணுக்களுக்கு எது யாருடைய பக்கம் என்று தெரியாது. ஒட்டிக்கொள்ளும். சூடு வேண்டாம், நெருப்பு வேண்டாம். இதைக் குளிர் வெல்டிங் என்கிறார்கள்.

நம்மைச் சுற்றியுள்ள உலோகங்களெல்லாம் இப்படி ஒட்டிப் போகாமல் காப்பாற்றுவது காற்று. அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் படர்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் குரோமியம் ஆக்சைடு. கீறினால் நொடியில் மறுபடி படர்ந்துவிடும். இறுக்கமான மரைக்குள் பற்கள் உரசும்போதோ படலம் கிழிகிறது. காற்று உள்ளே போய்ப் புதுப் படலம் கட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை. கிழிந்த இடத்தில் உச்சியும் உச்சியும் ஒட்டும். தொடர்ந்து திருப்பினால் அந்த ஒட்டு பிய்ந்து, ஒரு பக்கத்து உலோகத்தை இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இழுபட்ட துணுக்கு அடுத்த பல்லில் சிக்கி உருண்டு பெரிதாகும். பட்டறைக்காரர்கள் இதைத்தான் மரை கடித்துக்கொண்டது என்கிறார்கள்.

அப்படிக் கடித்துக்கொண்ட மரையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்க வேண்டும். நல்ல மரையின் பக்கவாட்டில் லேத் உளி விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் ஒரே சீராக ஓடும். கடித்த இடத்தில் அந்தக் கோடுகள் திடீரென நின்றுவிடும். அதற்குப் பதில் பளபளவென்று கிழிந்த ஒரு பட்டை. பட்டையின் முடிவில், திருப்பிய திசையிலேயே, ஒரு சிறு உலோகக் கட்டி குவிந்திருக்கும். அந்தக் கட்டிக்கு நேர் எதிரே உள்ள பல்லில் அதே அளவுக் குழி. இன்னும் அரைச் சுற்று திருப்பியிருந்தால் கட்டி இரட்டித்திருக்கும். பலம் ஏன் இங்கே எதிரியாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஸ்டெயின்லெஸ் போல்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை எண்ணெய் போடாமல் வேகமாக மெஷினில் முடுக்கினால் இந்தக் கடி மிகச் சுலபமாக வரும். ஒரே உலோகம், ஒரே கடினம், உறுதியான ஆனால் மெல்லிய படலம் என்று எல்லாம் அதற்குச் சாதகம். இரண்டு பக்கமும் அலுமினியமாக உள்ள குழாயிலும் அப்படியே. வெவ்வேறு கடினமுள்ள உலோகங்களைச் சேர்த்தால் கடி குறையும். எஃகுத் தண்டைத் தாங்கும் புஷ் வெண்கலத்தில் செய்யப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கழலாத மரையெல்லாம் கடித்த மரை அல்ல. வேப்பிங் குழாயில் பெரும்பாலும் நடப்பது இதைவிடச் சாதாரணமானது. திரவத்தில் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் வாசனைச் சேர்மங்களும் இருக்கும். அவை மரைக்குள் கசிந்து, மெல்ல மெல்லப் பிசுபிசுப்பாகிப் படிகின்றன. கூடவே சூடு. 0.2 ஓம் சுருளும் முழுதாகச் சார்ஜ் ஏறிய 4.2 வோல்ட் பேட்டரியும் சேர்ந்தால் 21 ஆம்பியர் ஓடும். மரையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே அங்கே நாலரை வாட் அளவுக்கு வெப்பம் பிறக்கும். அழுக்குப் படிந்த மரையில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூட்டில் பிசின் இன்னும் காயும். சுருள் மங்குகிறது என்று மரையை மேலும் முடுக்குவார்கள். அதோடு அது கழலாமல் போய்விடும்.

இதற்கு மருந்து எளிது. கிளிசரின் தண்ணீரில் கரையும். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, குழாயை வெந்நீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். பேட்டரி உள்ளே இருக்கும்போது வெந்நீரும் கூடாது, நெருப்பும் கூடாது. இதில் சமாதானமே கிடையாது. லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடேறினால் உள்ளே இரு முனைகளையும் பிரித்துவைக்கும் சவ்வு உருகி, உலோகக் குழாய்க்குள் அடைபட்ட நெருப்பாக வெடிக்கும். அடிமூடி கழலவில்லையென்றால் தலைப்பக்கத்தைக் கழற்றி பேட்டரியை எடுக்க வேண்டும். இரண்டும் கழலாவிட்டால் ரப்பர் கையுறையின் பிடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குழாயைப் பிடிக்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டிங் பிளேயரால் கவ்விப் பிடித்தால் மெல்லிய குழாய் இரண்டு இடங்களில் அமுங்கி முட்டை வடிவமாகிவிடும். வட்டமான ஆண் மரை முட்டை வடிவப் பெண் மரைக்குள் எப்படித் திரும்பும்? கழற்றப் போன கருவியே பூட்டாகிவிடுகிறது. சுற்றிலும் ஒரே அளவாக அழுத்தும் பிடி வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டைச் சுற்றிக் கையால் பிடிப்பது விலையுயர்ந்த பல கருவிகளைவிட மேல்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வீணாகும் பலத்துக்குக் கணக்கே இல்லை. சைக்கிளின் இடது பெடலில் இருப்பது இடது மரை. எரிவாயு சிலிண்டர்கள் பலவற்றின் நட்டும் அப்படியே. கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. தெரிகிற பற்கள் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகின்றன என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இரும்பு மரையில் நடுவே இருப்பது பிசினல்ல, துரு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. பற்களுக்கு இடையே இருந்த சிறு இடைவெளியைத் துரு நிரப்பி, பிறகு இரண்டு பக்கமும் நெருக்கித் தள்ளுகிறது. பட்டறையில் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் அறிவியல் இருக்கிறது. பரப்பு இழுவிசையும் பாகுத்தன்மையும் குறைந்த திரவம், நுண்புழை விசையால் தானாகவே குறுகிய இடைவெளிக்குள் ஏறும். ஆனால் மெதுவாகத்தான் ஏறும். எண்ணெய் விட்ட கையோடு ஸ்பேனரைப் போட்டால் அது வெளிப் பல்லைக்கூடத் தாண்டியிருக்காது. எல்லா மெக்கானிக் கடையிலும் இருக்கும் டபிள்யூ.டி. 40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனியில் பிறந்தது. ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கும் கலவையைத் தேடியவர்களுக்கு நாற்பதாவது கலவை வாய்த்தது. பெயரிலுள்ள 40 அதுதான். அட்லஸ் ஏவுகணையின் மேற்தகட்டைப் பாதுகாக்கப் பயன்பட்ட பொருள் அது. இறுகிய நட்டைக் கழற்ற உதவியது பிறகு கிடைத்த பயன்.

எண்ணெய்க்கு மசியாததற்குச் சுத்தியல். போல்ட் தலையில் நேராக விழும் குறுகிய அடி, பிசகாமல் விழுந்தால், நொறுங்கும் தன்மையுள்ள துருவை உடைக்கிறது. எண்ணெய்க்குப் புதுப் பாதை திறக்கிறது. உலோகம் இழுபடும், துரு இழுபடாது. அந்த வேறுபாட்டைத்தான் அடி பயன்படுத்துகிறது. கடித்துக்கொண்ட மரைக்கு அடி பெரிதாக உதவாததும் இதனால்தான். அங்கே உடைவதற்குத் துரு இல்லை.

சூடு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சூடாக்கினால் உலோகம் விரியும், ஆகவே மரை தளரும் என்பார்கள். போல்டும் நட்டும் ஒரே உலோகமாக இருந்து இரண்டும் ஒரே அளவு சூடேறினால் எல்லாம் சேர்ந்தே விரியும். இடைவெளியில் மாற்றம் இருக்காது. வேண்டியது வித்தியாசம். 20 மில்லிமீட்டர் எஃகு போல்ட் 150 டிகிரி சூடேறினால் விட்டம் 0.036 மில்லிமீட்டர் கூடும். அதைச் சுற்றியுள்ள அலுமினியத் துளை அதே சூட்டில் 0.069 மில்லிமீட்டர் விரியும். கிடைக்கும் இடைவெளி 0.033 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. துருவின் பிடி விட அது தாராளம். இரண்டும் எஃகாக இருந்தால் வெளியே உள்ள நட்டை மட்டும் விரைவாகச் சூடாக்கி, சூடு உள்ளே பரவும் முன் திருப்ப வேண்டும். பட்டறையில் கேஸ் நெருப்பை நட்டின் மேல் மட்டும் காட்டிவிட்டு உடனே ஸ்பேனர் போடுவதில் இந்தக் கணக்கு முழுதும் அடங்கியிருக்கிறது.

பூமியில் இத்தனை வசதிகளோடு செய்யும் வேலையை விண்வெளியில் செய்ய நேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பது இந்தத் துறையின் மிக நல்ல கதை. 2012 ஆகஸ்ட் 30. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானின் அகிஹிகோ ஹோஷிடேயும் ஒரு மின்பகிர்வுப் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் நான்கு முக்கியப் பெட்டிகளில் அது ஒன்று. எடை சுமார் 100 கிலோ. பழையது வந்துவிட்டது. புதியதைப் பொருத்தும்போது போல்ட் முழுதாக ஏறவில்லை. துளைக்குள் உலோகத் துகள்கள் தெரிந்தன. நைட்ரஜன் வாயுவால் ஊதிப் பார்த்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தும் வேலை முடியாமல், பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு உள்ளே திரும்பினார்கள்.

இன்னும் பலம் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்தப் போல்ட் கடித்துக்கொண்டிருந்தால் பெட்டி ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அங்கேயே நின்றிருக்கும். தரையில் இருந்த பொறியாளர்களும் மேலே இருந்த குழுவும் நிலையத்தில் கிடைத்த பொருட்களை வைத்து யோசித்தார்கள். உபரிக் கேபிளின் கம்பி இழைகளை விரித்து ஒரு தூரிகை செய்தார்கள். ஒரு டூத் பிரஷ்ஷை உலோகக் கம்பியில் கட்டினார்கள். செப்டம்பர் 5 அன்று இருவரும் மறுபடி வெளியே போனார்கள். கம்பித் தூரிகையால் துளையின் மரையைச் சுத்தம் செய்து, துகள்களை ஊதி வெளியேற்றி, டூத் பிரஷ்ஷால் கிரீஸ் பூசினார்கள். போல்டைக் கொஞ்சம் ஏற்றுவது, கொஞ்சம் இறக்குவது, மறுபடி ஏற்றுவது என்று பொறுமையாகச் செய்ய, கடைசியில் அது முழுதாக அமர்ந்தது. பெட்டிக்கு மின்சாரம் வந்தது. இதில் புதிய இயற்பியல் எதுவும் இல்லை. நடுவில் இருப்பது துகள் என்று கண்டுகொண்டார்கள். துகளுக்குரிய வைத்தியத்தைச் செய்தார்கள். மனிதர் கட்டிய மிக விலையுயர்ந்த பொருளில் அந்தச் சாதாரண வேலை அத்தனை கவனத்தோடு நடந்ததை நினைத்தால் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 1989 அக்டோபரில் வியாழனை நோக்கிப் புறப்பட்ட கலிலியோ விண்கலம், 1991 ஏப்ரலில் தன் பெரிய ஆண்டெனாவை விரிக்க முயன்றது. குடைக்கம்பிகள் போல அதைத் தாங்கும் 18 விலாக்களில் சில மையத் தண்டை விட்டு விலகவில்லை. சேலஞ்சர் விண்ணோட விபத்துக்குப் பிறகு ஏவுதல் தள்ளிப்போனதால், அந்த ஆண்டெனா கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே லாரியில் பலமுறை பயணித்திருந்தது. அந்தக் குலுக்கலில் விலாக்களைப் பிடிக்கும் ஊசிகளின் உலர் உயவுப் பூச்சு தேய்ந்துபோயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பூச்சு போன இடத்தில், காற்றில்லாத வெளியில், ஆக்சைடுப் படலம் மறுபடி கட்டவும் வழியில்லை. விண்கலத்தைச் சூரியனுக்குக் காட்டியும் நிழலுக்குத் திருப்பியும் விரித்துச் சுருக்கிப் பார்த்தார்கள். மோட்டாருக்கு 13,000க்கும் மேற்பட்ட முறை குறுகிய துடிப்புகளைக் கொடுத்து அடித்துப் பார்த்தார்கள். சூடு, குளிர், தட்டு என்று பட்டறை வைத்தியம் அத்தனையும் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் செய்துபார்க்கப்பட்டது. ஆண்டெனா கடைசிவரை விரியவில்லை. சிறிய ஆண்டெனாவைக் கொண்டு, தகவல்களைச் சுருக்கி அனுப்பித்தான் அந்தப் பயணத்தைக் காப்பாற்றினார்கள்.

மீண்டும் குழாய். மரை ஒரு வழியாகக் கழன்றதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பழைய டூத் பிரஷ்ஷையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் கொண்டு பற்களைத் தேய்த்து, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் பழுப்பு வந்தால் பிசின். பளபளக்கும் துகள் வந்தால் எங்கோ உலோகம் பிய்ந்திருக்கிறது. அப்போது லென்ஸில் தேடி, குவிந்த கட்டியை மட்டும் நுண்ணரத்தால் எடுத்துவிட வேண்டும். டேப்போ டையோ போட்டு முழு மரையையும் புதிதாக வெட்டினால் பற்கள் மெலிந்துவிடும். அரை மில்லிமீட்டர் மரையில் இழப்பதற்கு உலோகம் அதிகம் இல்லை.

மறுபடி மாட்டும்போது முன்னே திருப்பும் முன் ஒரு சுற்று பின்னே திருப்ப வேண்டும். ஆண் மரையின் தொடக்க நுனி பெண் மரையின் தொடக்கத்தைத் தாண்டி இறங்கும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்னத் தட்டல் தெரியும். அங்கிருந்து முன்னே திருப்பினால் மரை கோணலாக ஏறாது. கோணலாக ஏறிய நுண்மரை முதல் சுற்றிலேயே தன் பற்களைத் தானே வெட்டிக்கொள்ளும்.

கிரீஸ் பூசலாமா என்று கேட்பார்கள், மின்சாரம் போகும் மரையாயிற்றே என்ற பயத்தில். பூசலாம். பவுடனும் டேபரும் காட்டிய அந்த உச்சிகளில் அழுத்தம் மிக அதிகம். மெல்லிய கிரீஸ் அங்கிருந்து பிதுங்கி வெளியேறிவிடும், உலோகம் உலோகத்தைத் தொட்டே நிற்கும். பிதுங்கிய கிரீஸ் பள்ளங்களில் தங்கிக் காற்றையும் ஈரத்தையும் அண்டவிடாது. ஆக்சைடு தடிக்காததால் தடையும் கூடாது. மின்வாரியங்களில் அலுமினியக் கம்பிகளை இணைக்கும்போது பூசும் பசையின் வேலையும் இதுவே. விரல் நுனியில் ஒட்டும் அளவு போதும். தடிமனாக அப்பினால் தூசியும் உலோகத் துகளும் அதில் ஒட்டி, அடுத்த முறை திருப்பும்போது அவையே பற்களை அறுக்கும். ஆகவே பூசியபின் ஒரு தடவை மாட்டிக் கழற்றி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு, விரலால் மட்டும் முடுக்க வேண்டும்.